அவுட் ஆன ஆளை ஊட்டுக்கு அனுப்பவும்

ஜேடர்பாளையம்,
25-1-83

மரியாதைக்குரிய அண்ணன் செங்கோட்டையன் அவர்களுக்கு,

தங்கை கண்ணாத்தாள் வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்களும் சௌந்திரம் நங்கையும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள். உங்களுக்கென்ன, இருப்பீர்கள். நாலு வீதி தள்ளி இருக்கிற அண்ணனுக்கு எதற்குத் தபால் என்று நங்கை கேட்டால், நேரில் வந்தால் கூடப்பிறந்தவர் என்றும் பார்க்காமல் பேசிவிடுவேன், அதனால்தான் என்று சொல்லவும்.

விஷயம் உங்கள் மனமகிழ் மன்றத்துப் பொங்கல் ரம்மிப் போட்டி. பன்னிரண்டு வருஷமாக உங்க மச்சான் அதில் ஆடுகிறார். இருநூற்றொரு பாயிண்டு ஏறினவன் அவுட், எழுந்து போக வேண்டியதுதான் என்று சட்டம் இருந்தது. ஒன்பது மணிக்கு உட்காருவார், பத்தரைக்குள் அவுட்டாகி, மாட்டுக்குத் தவிடும் வாங்கிக்கொண்டு வீடு வந்துவிடுவார். ஒரு வருஷம் தவறியதுண்டா? அந்த மனுஷனிடம் நம்பிக் காரியம் வைக்க இருந்த ஒரே குணம் அதுதான். செயலாளர் ஆனதும் ஆகாததுமாக அதையும் கெடுத்துவிட்டீர்கள். அவுட்டானவன் மறுபடி பணம் கட்டினால் மறுபடி உட்காரலாமாம், எத்தனை தடவை வேண்டுமானாலுமாம்!

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம புள்ளை வசந்தாமணியைப் பெண் பார்க்கப் பள்ளிபாளையத்திலிருந்து வருகிறோம் என்றார்கள். நல்ல இடம். பதினாறு தறி, சொந்த லாரி. இரண்டாம்தாரம்தான், முப்பத்தொன்பதுதான், ஆம்பளைக்கு அதெல்லாம் ஒரு வயசா? போட்டி நாளாச்சே என்று யோசித்தேன். பத்தரைக்குத்தான் வந்துவிடுவாரே என்ற தைரியத்தில் பதினோரு மணிக்கு வரச் சொன்னேன். கார் வைத்துக்கொண்டு ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள், இவரைக் காணோம். பக்கத்து வீட்டுக் குப்பாயியை மன்றத்துக்கு அனுப்பினேன். "அவுட்டாயி எந்திரிச்சவரு மறுபடியும் உக்காந்துட்டாருங்க" என்று வந்து நிற்கிறாள். திரும்ப அனுப்பினேன். "ரெண்டாந்தடவையும் அவுட்டுங்க, ரெண்டாந்தடவையும் உக்காந்துட்டாருங்க. இதா வாரேன்னு சொல்லச் சொன்னாருங்க." மூணாந்தடவையும் அதே கதை. காட்டில் மோட்டார் ரிப்பேர், பார்க்கப் போயிருக்கிறார் என்று புளுகினேன். மாப்பிள்ளையின் அத்தை ஆராயி, "ஏனுங்க, உங்க மோட்டாரு காசியிலயா ஓடுது?" என்றாள். ஒரு மணி வரைக்கும் பார்த்துவிட்டு, "பெத்தவரு இல்லாத ஊட்ல கை நனைக்கறதில்லைங்க" என்று எழுந்துவிட்டார்கள். சுட்ட பஜ்ஜி சுட்டபடி இருந்தது. எனக்கு அழுகையை அடக்க முடியலை.

எங்க வீட்டுக்கு மட்டுமா கேடு? முன்னெல்லாம் அவுட்டாயிருவோமேங்கிற பயத்துல மோசமான கை வந்தா கவுத்து வெச்சிருவாங்களாம். இப்ப எவனுக்கும் பயமில்லை, வந்த கையெல்லாம் ஆடறாங்களாம். ஒரு தடவைகூட அவுட்டாகாம யோசிச்சு யோசிச்சு ஆடின அருணகிரி வாத்தியாருக்கு ரெண்டாம் பரிசு, ஆறு தடவை செத்து ஆறு தடவை பொழைச்ச, போர்வெல் லாரி வெச்சிருக்கற தண்டாயுதபாணிக்குக் கோப்பை. காசுள்ளவனுக்குத் தோல்வி கிடையாதுன்னு ஊருக்கே தெரியும், அதை நோட்டீஸ் போர்டுல வேற ஒட்டணுமா? வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டீங்க. அதுவும் உங்க வேட்டிக்குள்ள இல்லை, என் ஊட்டுக்குள்ள. இந்த மனுசனை எனக்குப் பாத்து முடிச்சதும் நீங்கதான், அதையும் நான் மறக்கலை. அந்தச் சட்டத்தை உடனே எடுக்கணும். இல்லைன்னா தாய்மாமன் சீர் அது இதுன்னு என் வாசப்படி ஏற வேண்டாம்.

நங்கைக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. பொன்காளியம்மன் உங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் கொடுக்கட்டும், முதலில் புத்தி.

இப்படிக்கு,
உங்களோடு பிறந்துவிட்ட
கண்ணாத்தாள்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வசந்தாமணி வந்து நின்றாள். உங்க மச்சான் கையில ஒரு தடவைக்குத்தான் காசு இருந்துச்சாம். குப்பாயி போன மூணு நடைக்கும் ஜாக்கெட் தெச்ச காசைக் கொடுத்தனுப்பி, "அப்பாவை எந்திரிக்க வேண்டாம்னு சொல்லுங்க"ன்னது இவளாம். அடிக்கக் கை ஓங்கிட்டேன். "அந்த ஆளுக்கு உன்னைவிட ரெண்டு வயசுதாம்மா கம்மி"ங்கறா. ஓங்கின கை அப்படியே நின்னுருச்சுங்கண்ணா. புள்ளைகிட்ட ஒரு வார்த்தை நான் கேக்கலையே. பள்ளிபாளையத்துக்காரங்க வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் வாராங்களாம். சட்டத்தை எடுத்துப்போடாதீங்க. அன்னைக்கு இன்னொரு போட்டி வையுங்க. உங்க மச்சானுக்கு எத்தனை தடவைக்கு வேணுமோ, காலையிலயே நான் பணம் கட்டிப்போடறேன்.