சத்திரத்தில் நேராக இருந்த ஒரே மேசை

கோணலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ரொறன்ரோவில் இருபது வருடமாக வீடு திருத்துகிற வேலை. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் கதவு நிலையைத்தான் பார்ப்பேன். (சாப்பாட்டை அடுத்ததாக.)

தங்கை மகளின் நிச்சயதார்த்தம் இங்கிலாந்தில், மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்த ஒரு கிராமத்துச் சத்திரத்தில் நடந்தது. நானூறு வருடப் பழசாம். ஓக் உத்தரங்கள் வளைந்து, மரச்சட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்புச் சுவர் வயிறு தள்ளி, கட்டடமே தெருப்பக்கம் சாய்ந்து நின்றது. வாசல் உத்தரம் என் நெற்றியைப் பதம் பார்த்தது. ரொறன்ரோப் பக்கத்து அஜக்ஸில் இப்படி ஒன்று நின்றால் கட்டட இன்ஸ்பெக்டர் உள்ளே வராமலே பூட்டிவிடுவார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கும்பம் வைத்த மேசையும் என் கண்ணுக்குச் சரிந்தே தெரிந்தது. மாப்பிள்ளையின் தாய் சகுனம் பார்க்கிறவர். கும்பம் விழுந்தால் சம்பந்தமும் விழுந்துவிடும் என்று தங்கை பயந்துகொண்டிருந்தாள். பொறுப்புள்ள தாய்மாமன் சும்மா இருக்கலாமா?

"அண்ணை, ஒண்டிலையும் கை வைக்காதையுங்கோ" என்றாள் தங்கை.

"நீ பேசாமல் இரு. இது என்ரை தொழில்" என்றபடி மேசையின் ஒரு காலுக்குக் கீழே நான்கைந்து அட்டைகளை மடித்துச் செருகினேன்.

கும்பம் மெல்லச் சரிந்தது. குடத்தைப் பாய்ந்து பிடித்துவிட்டேன். தேங்காய் அகப்படவில்லை. அது சரிவான தரையில் உருண்டு, அறையைக் கடந்து, மூன்று கல்படி இறங்கி, கீழே கணப்படுப்பின் கல்லில் மோதியது. சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

சத்திரக்காரர் வந்து பொறுமையாக விளக்கினார். தரை கோணல் என்பதால் அந்த மேசையின் கால்களை வெவ்வேறு உயரத்தில் வெட்டியிருக்கிறார்களாம். அந்தக் கட்டடத்திலேயே நேராக இருந்த ஒரே பொருள் அதுதான். கோணல் சுவர்களைப் பார்த்துப் பார்த்து என் கண்தான் கெட்டிருந்தது.

மாப்பிள்ளையின் தாய் படியிறங்கிப் போனார். தங்கை என் பக்கமே திரும்பவில்லை. அந்த அம்மா மேலே ஏறி வந்தபோது கைக்கு ஒன்றாகத் தேங்காயின் இரண்டு பாதிகள்.

"சரிபாதியாய் உடைஞ்சிருக்கு. நல்ல சகுனம்" என்றார்.

அப்பாடா என்று நிமிர்ந்தேன். (அங்கேயும் ஓர் உத்தரம் இருந்தது.)

தங்கை மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எந்த வீட்டுக் கொண்டாட்டத்திலும் நான் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவர் ஓடிப்போய்த் தேங்காயைப் பிடித்துக்கொள்கிறார். எங்கள் சாப்பாட்டு மேசை ஆறு மாதமாக ஆடுகிறது. மனைவி என்னைத் தொட விடுவதில்லை.

"அது ஆடட்டும்" என்கிறாள். "எங்களுக்கும் கலியாணத்துக்கு ஒரு மகள் இருக்கிறாள் எல்லோ."