பஞ்சாலையின் லீவும் தென்துருவக் கடிகாரமும்

மலேசியாவில் கோலா பிலா பக்கம் உள்ள எங்கள் செம்பனைத் தோட்டத்தில் பனி பெய்ததாக இதுவரை தகவல் இல்லை. இருப்பினும், தொழிலாளர் நலனை முன்னிட்டு, துருவப் பயணிகளுக்கென்றே செய்த, நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் பதிவுசெய்யும் கைக்கடிகாரத்தை ஆளுக்கொன்று வழங்க நிர்வாகம் பெருமனத்துடன் தீர்மானித்தது. மைனஸ் நாற்பது டிகிரியிலும் ஓடுமாம். எங்களுக்கும் பெருமைதான். குலை வெட்டும் நல்லசாமி சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டுதான் கோயிலுக்கே போனார்.

செப்டம்பர் கடைசியில், காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கட்டிவிட்டார்கள். இனி நாள்கணக்கு கடிகாரப்படிதான் என்றது சுற்றறிக்கை. கடிகாரமோ தென்துருவ நேரத்தில் இருந்தது. அங்கே செப்டம்பரில் உதிக்கும் சூரியன் மார்ச்சில்தான் மறையும்.

ஒரு மாதம் போனது. உதிரிப்பழம் பொறுக்கும் பஞ்சாலையக்கா ஆபீசுக்குப் போனார். அம்பாங்கானில் மகள் புனிதாவுக்குக் கல்யாணம்.

"கிராணி ஐயா, லீவு வேணும்."

ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிராணி குலசேகரம் கணினித் திரையைப் பார்த்தார். "லீவு நாளையிலிருந்துதான் குடுக்கலாம்."

"சரி, நாளைக்கே குடுங்க."

"நாளை இன்னும் வரேல்லையே அம்மா. பொழுது சாயட்டும்."

"நேத்தே சாஞ்சிச்சுலா! படுத்துத் தூங்கினேனே!"

"அது இடைவேளை. எட்டு மணி நேர இடைவேளை எண்டு பதிவாகியிருக்கு. கொஞ்சம் குறைச்சுக்கொள்ளுங்கோ."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"அதுவும் வரேல்லை."

எங்களுக்கு ரத்தம் கொதித்தது. புகார் மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். கடைசிக் கையெழுத்துப் போட வந்த நல்லசாமி பேனாவை மூடினார்.

"இருங்கலா. மார்ச்சுல பொழுது சாஞ்சா அப்புறம் ஆறு மாசம் ராத்திரி. ராத்திரியில எவன் குலை வெட்டுவான்?"

மனுவைக் கிழித்தோம். கடிகாரத்தைச் சரிசெய்யச் சொல்கிறேன் என்று வந்த தொழிற்சங்கத்து ஆளைத் துரத்தினோம். பஞ்சாலையிடம் பக்குவமாகச் சொன்னோம்: "கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கக்கா. பிறகு ஆறு மாசம் சம்பந்தி வீட்டுலயே இருக்கலாம்."

மாப்பிள்ளை வீட்டார் முறைத்துக்கொண்டே சம்மதித்தார்கள். மார்ச் இருபத்து மூன்று. அதுவும் தவறினால் வேறு பெண் பார்ப்பார்களாம்.

இருபத்திரண்டாம் தேதிப் பெரட்டுக்கு நாங்கள் புதுச்சட்டை போட்டு வந்தோம். குலசேகரம் தொண்டையைச் செருமி வாசித்தார்:

"நீண்ட இரவு தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடு என நிர்வாகம் கவலை கொள்வதால், தோட்டம் இன்று முதல் வடதுருவத்துக்கு மாற்றப்படுகிறது. அங்கே இப்போதுதான் விடிகிறது."

நாங்கள் புதுச்சட்டைக் கையைச் சுருட்டிவிட்டோம். பஞ்சாலை மட்டும் முன்னால் போய், கடிகாரத்தின் வாரைப் பிடித்து இழுத்தார். கழன்று வந்தது. கிராணியின் மேசையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

குலசேகரம் பதறிப்போனார். "அம்மா! நீங்கள் இப்ப எந்தத் துருவத்திலயும் இல்லை!"

"ஆமாங்கையா. அம்பாங்கான்ல இருப்பேன்."

கழற்றலாம் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எல்லாருடைய வலது கையும் மெல்ல இடது மணிக்கட்டுக்குப் போனது. உடனே நாற்பது கடிகாரங்களும் ஒன்றாக அதிர்ந்தன: "நாடித்துடிப்பு அதிகம். அமைதி காக்கவும்."

காத்தோம்.