மூன்று சோடியமும் ஒரு வாசற்கதவும்

கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர்: அறிவியல் வாத்தியார், அவர் மனைவி, இரண்டு மகள்கள், மனைவியின் அண்ணன், அண்ணி, அண்ணியின் தம்பி. வேறு யாரும் இருந்ததாகச் சொல்பவர்கள் அங்கே இல்லாதவர்கள்.

நாளைக்கு நரம்பு செல் பாடமாம், ஒத்திகை வேண்டுமாம். வாத்தியார் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடம்தான் ஓய்வில் இருக்கும் செல். விருந்தாளிகள் மூவரும் சோடியம், மகள்கள் பொட்டாசியம். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தால்தான் செல்லின் உட்புறம் எதிர்மின்னூட்டத்தோடு நிற்கும்.

அண்ணன் வந்து மூன்று வாரம். சமைத்துச் சமைத்து மனைவிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அது வேறு விஷயம். பிறந்த வீட்டு உறவென்று இருப்பது அவர் ஒருவர்தான். அவர் முகம் கோணக் கூடாது.

முதல் தடவை மூவரும் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார்கள். மகள்கள் உள்ளே வந்த வேகத்தில் பின்வாசல் வழியாக நழுவினார்கள். அண்ணன் அதே பின்வாசல் வழியாக வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"சரியாத்தான் பண்றீங்க மச்சான். சோடியம் இப்படித்தான் கசிஞ்சு உள்ள வரும். மறுபடி தள்ளணும்," என்றார் வாத்தியார்.

ஐந்தாவது தடவை அண்ணிக்கு மூச்சு வாங்கியது. "ஓய்வுல இருக்கிற செல்லுன்னு சொன்னீங்க. ஓய்வுக்கே இந்தப் பாடா?"

"சும்மா இருக்கிற மாதிரி தெரியறதுக்குத்தான் சக்தியெல்லாம் செலவாகுது அக்கா."

மனைவிக்கு அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அண்ணன் களைத்துவிட்டார், போதும் என்று அவள் கெஞ்சினாள். வாத்தியார் யோசித்தார். தப்பு அலைச்சலில் இல்லையாம். சோடியத்தின் கையில் மின்னூட்டம் இல்லாததுதான் குறையாம். ஆளுக்கொரு மின்னூட்டம் என்று அவரவர் பெட்டியை அவரவர் கையில் கொடுத்து அனுப்பினார்.

நிற்கிறார்களே என்று அவள் மூன்று நாற்காலிகளை வாசலில் போட்டாள். பெட்டியும் நாற்காலியுமாகப் பார்த்ததும் தெருவே எட்டிப் பார்த்தது. அந்த வழியாகப் போன வாடகைக் கார் ஒன்று நின்று, ஸ்டேஷனுக்கா என்று கேட்டது.

அத்தனை பேர் முன்னால் 'நான் சோடியம்' என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. "ஆமா," என்றார்.

விடிவதற்குள், கூடப்பிறந்தவனைப் பெட்டியோடு துரத்திவிட்டாள் என்று பேச்சு பரவிவிட்டது. வாத்தியார் குளித்துக்கொண்டிருந்தார். ஆய்வகச் சாவி வாங்க வந்த பள்ளி உதவியாளரிடம் அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"யாரும் யாரையும் துரத்தலை. இன்னைக்கு நரம்பு செல் பாடம். அதுக்கு ஒத்திகை."

"நரம்பு செல்லா? அதைப் போன மாசமே நடத்தி, பரீட்சையும் வெச்சாச்சேம்மா."