மெத்தை விரிப்பைச் சதுரமென்று நிறுவிய படலம்

வாழ்க அவன் கொற்றம்! சுண்ணக்கட்டி ஏந்திய வெண்கையன், கவராயக் கூர்வேலன், சரிவகங்களைச் சரித்தவன், சாய்சதுரங்களின் முதுகை நிமிர்த்தியவன், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியாராகிய நம் வீரன், நான்கு மூலையிலும் எலாஸ்டிக் தைத்த புது மெத்தை விரிப்பைப் பொன்னாடையெனத் தோளில் புனைந்து, விருந்தினர் அறையென்னும் போர்க்களம் புகுந்தான்.

காரணம் சிறிதன்று. "மாப்பிள்ளைக்குக் கணக்கு வரும், காரியம் வராது" என்று கல்யாணமான நாள்முதல் காண்பவரிடமெல்லாம் முழங்கிவரும் மாமனார், அன்றிரவு அந்தக் கட்டிலில்தான் துயில்வதாக இருந்தார். வண்டியும் ஏறிவிட்டார்.

முதல் மூலை பணிந்தது. இரண்டாவது வணங்கியது. மூன்றாவதை இழுத்து மாட்டினானோ இல்லையோ, கப்பம் கட்டிவிட்டுக் கலகம் செய்யும் சிற்றரசனைப்போல முதல் மூலை கழன்றுவந்து அவன் மூக்கில் அறைந்தது.

அறைபட்டவன் அஞ்சவில்லை. விரிப்பைத் தரையில் பரப்பி, மண்டியிட்டு, நிரூபணத்தில் இறங்கினான். எதிர்ப்பக்கங்கள் சமம்; ஆகவே இணைகரம். முழம் போட்டதில் மூலைவிட்டங்களும் சமம், ஆகவே சதுரம். சதுரத்தை எப்படித் திருப்பினாலும் சதுரமே.

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் அவன் இல்லாள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, மூலைவிட்டம் சமமா இருந்தா அது செவ்வகம். சதுரம்னு யாரு சொன்னா? விரிப்பைக் குறுக்கே திருப்பிப் போடுங்க, சரியாப் போயிடும்."

"நிரூபிச்சாச்சு. இனி தப்பு விரிப்போடது இல்ல, கட்டிலோடது."

இந்நேரம் பார்த்து வாசல்மணி ஒலிக்க, அவள் தலையிலடித்துக்கொண்டு போனாள். வீரனோ, மலையைப் பெயர்ப்பவன்போலக் கட்டிலுக்குத் தோள் கொடுத்துத் தொண்ணூறு பாகைச் சுழற்சியைத் தொடங்கினான். கட்டில் மதயானையாய்ப் பிளிறியது. பாதி திரும்புகையில், செவ்வகத்தின் மூலைவிட்டம் எந்தப் பக்கத்தினும் நெடிது என்னும் பேருண்மை, ஆண்டாண்டாய்த் தன்னைக் கரும்பலகையில் கீறியவனைப் பழிதீர்த்துக்கொண்டது: தலைமாட்டு மூலை அலமாரியைக் கவ்வ, கால்மாட்டு மூலை உட்புறம் திறக்கும் கதவைத் தள்ளிச் சாத்தி, முட்டுக்கொடுத்து நின்றது. முன்னும் போகாது, பின்னும் வராது. அலமாரியில் அந்த வடு இன்றும் உண்டு. ஐயுறுவோர் தடவிப் பார்க்கலாம்.

கதவுக்கு வெளியே பெட்டி வைக்கும் ஓசை கேட்டது.

"மாப்பிள்ளை உள்ள என்னம்மா பண்றாரு?"

"நிரூபிக்கிறாருப்பா."

மாமனார் ஹால் சோபாவில் படுத்துக்கொண்டார்.