மேனேஜர் தின்ற ஆர்க்கிட்

ஆர்க்கிட் செடியில் ஒன்பது பூ இருக்க வேண்டும். எட்டுதான் இருந்தது. அவர் மறுபடி எண்ணினார். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை; விட்டுப்போனது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"உங்க நாய்தான்," என்றாள் மனைவி. ஒழுங்காக இருக்கிற நாட்களில் அது 'நம்ம நாய்'.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபது வருட உழைப்புக்கு நிர்வாகம் கொடுத்தது அந்த ஒரு தொட்டி. நாயின் பெயர் மேனேஜர். சாப்பிட்டுவிட்டு நாளெல்லாம் தூங்கும் என்பதால் அவர் வைத்த பெயர். வீட்டில் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஜீவன்.

தொட்டியை மேசைமேல் வைத்தார். மறுநாள் ஏழு.

"மேசையில எல்லாம் ஏறுமா இது?"

"பசிச்சா ஏறும், மாப்பிள்ளை," என்றார் மாமனார். ரத்தக் கொதிப்பு என்று மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று வேளையும் உப்பில்லாமல் வேகவைத்த காய். மகளே அளந்து வைப்பாள். "வாயில்லா ஜீவன். திட்டாதீங்க."

ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றினார். மறுநாள் ஆறு. பக்கத்தில் ஸ்டூல் கிடந்தது.

"ஸ்டூலையே இழுத்துப் போட்டிருக்கு," என்றாள் மனைவி. "இவ்வளவு புத்தி இருக்கிற நாய் நமக்கு ஆகாது. இன்னும் ஒரு பூ போச்சுன்னா என் தம்பி வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்."

தம்பி வீட்டில் நாயைக் கட்டிப்போட்டுத்தான் வளர்ப்பார்கள். அவர் மேனேஜரைப் பார்த்தார். அது வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது.

அச்சகத்து பைண்டர் ஒரு யோசனை சொன்னார். "பூ மேல உப்பும் மிளகுத்தூளும் தூவுங்க சார். ஒரு தடவை வாய் வெச்சா ஜென்மத்துக்கும் கிட்ட வராது."

தூவினார். மறுநாள் ஒரே அடியாக மூன்று போயிருந்தன.

மனைவி தம்பிக்குப் போன் செய்தாள். அவர் சங்கிலியைத் தேடினார்.

தடுத்தது மாமனார்தான். "அனுப்புறது இருக்கட்டும், மாப்பிள்ளை. அந்தப் பூ விஷமா இருந்தா? முதல்ல டாக்டர்கிட்ட கேட்போம். நானும் வரேன்."

மாமனாரின் முகம் வெளிறியிருந்தது. ஒரு மாதமாக வாசல்படி தாண்டாத மனிதர். நாய்மேல் இவ்வளவு பாசமா என்று வியந்தபடி மாப்பிள்ளை ஆட்டோ பிடித்தார்.

நாய் டாக்டர் மேனேஜரின் வாயைத் திறந்து பார்த்தார். வயிற்றை அமுக்கினார். மேனேஜர் கொட்டாவி விட்டது.

"ஆர்க்கிட் நாய்க்கு விஷம் இல்ல, பயப்படாதீங்க. நிறைய தின்னா வயிறு கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். செடிக்கு உரம், பூச்சிமருந்து ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல. உப்பும் மிளகும்தான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் நாய்க்கு, டாக்டர். எனக்கு?"