நாளைக்குப் பதினாறு சொட்டு

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில், ஐஸ்பெட்டியின் மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை ஷாமளா இடுக்கியால் எடுத்து, செத்த எலியைத் தூக்குவதுபோல் தள்ளிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ஏங்க, இது என்ன?"

ரூபேந்திரன் மீன்தொட்டியின் முன்னால் முட்டிபோட்டு, சோதனைக் குழாயில் உப்புநீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜொகூர் மாநிலத்தின் செனாய் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளன் அவன். எதையும் எண்ணாக மாற்றினால்தான் அவனுக்கு விளங்கும்.

"இறால். மீனுக்கு."

"இந்த மாசம் வீடு சைவம். மீனுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

சட்டம் போட்டவர் ஷாமளாவின் அம்மா பேச்சியம்மாள். பாலோ என்ற ஊரிலிருந்து மகளோடு தங்க வந்து எட்டு மாதம் ஆகிறது. கூடவே வந்த சாமி அலமாரிக்குக் கூடத்தில் இடமில்லை. அங்கே நான்கடி நீளத்துக்கு மாப்பிள்ளையின் பவளத்தொட்டி நின்றது. ஆகவே பெருமாள் அடுப்படியில், ரைஸ் குக்கருக்கும் மிக்சிக்கும் நடுவில், தாளிக்கும் புகையில் குடியிருந்தார். பேச்சியம்மாள் இதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டதில்லை. விளக்கேற்றும்போது, "உனக்கு வாச்சது இவ்வளவுதான்" என்று பெருமாளிடம் மட்டும், கூடத்துக்குக் கேட்கும்படி சொல்லுவார்.

தொட்டியாவது பார்க்கும்படி இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஊதாவும் பச்சையும் இளஞ்சிவப்புமாக வந்து இறங்கிய பவளங்கள் நாலே மாதத்தில் பழம்புளி நிறத்துக்கு மாறியிருந்தன. தண்ணீரில் சத்து மிஞ்சிவிட்டால் பவளம் பழுப்பேறிப்போகும் என்பது ரூபேந்திரனுக்குத் தெரியும். ஜொகூர் பவளப் பிரியர்களின் வாட்சப் குழுவில், 'ரீஃப் மாஸ்டர் ரூபன்' என்று தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயரில், 'குறைந்த சத்து, நிறைந்த நிறம்' என்று வாராவாரம் பாடம் நடத்துகிறவனே அவன்தான். பாடத்தோடு வரைபடம் போடுவான். தொட்டியின் படத்தை மட்டும் நாலு மாதமாகப் போடவில்லை.

ஷாமளா கெடு வைத்திருந்தாள். புரட்டாசியின் கடைசி ஞாயிறன்று குழுவின் மூத்தவர், ஜொகூர் பாரு பல் மருத்துவர் குமரப்பன், தொட்டியைப் பார்க்க வருகிறார். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னால் தொட்டி இருக்கலாம். சொல்லாவிட்டால் தொட்டி அன்றைக்கே அவர் வண்டியில் ஏறும். பெருமாள் கூடத்துக்கு வருவார்.

முதலில் இறாலுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி லிம்மின் ஐஸ்பெட்டியில் கொண்டுபோய் வைத்தான். பொட்டலத்தை அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்ட ஆன்ட்டி, மறுநாளே அதைப் போட்டு மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டி, நன்றியாக ஒரு தட்டு நிறைய வாசலில் நீட்டினார். கதவைத் திறந்தவர் பேச்சியம்மாள். அன்று மாலை வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்ததில் கொஞ்சம் தொட்டிக்குள்ளும் விழுந்தது.

அடுத்து, டப்பாவில் வரும் உருண்டைத் தீனி. இரண்டு கோமாளி மீன்களும் அதை வாயில் வாங்கி, யோசித்து, துப்பின. பசியாக இருக்கும் என்று இவன் இன்னும் போட்டான். துப்பியதெல்லாம் பவளங்களுக்கு இடையில் கிடந்து அழுகி, வாரக் கடைசியில் கண்ணாடி முழுக்கப் பாசி படர்ந்தது.

தன் பெயரில் கேட்க மானம் இடங்கொடுக்காமல், 'ஒரு நண்பரின் தொட்டியில்' என்று தொடங்கிக் குழுவில் கேட்டான். வோட்கா ஊற்றச் சொன்னார்கள். தண்ணீரிலுள்ள நல்ல கிருமிகள் அதைக் குடித்துப் பெருகி, மிஞ்சிய சத்தைத் தின்றுவிடுமாம். நாளைக்குப் பதினாறு சொட்டு.

ரூபேந்திரன் பிறந்ததிலிருந்து ஒரு பியரைக்கூட மோந்து பார்த்தவனில்லை. அவன் புரட்டாசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீனர் மளிகைக்கடையிலிருந்து வோட்கா பாட்டிலோடு வெளியே வரும்போது, எதிரே கோயில் செயலாளர் மகேஸ்வரன் வந்தார்.

"மீனுக்கு, அண்ணே."

"ஆமா தம்பி. நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம் லா."

அவன் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. கிருமி, சத்து, நைட்ரேட் என்று மாமியாருக்கு இருபது நிமிடம் வகுப்பெடுத்தான். பேச்சியம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீன் விரதம் இருக்கிற மாசத்துல பவளம் தண்ணி அடிக்குது" என்று பெருமாளிடம் சொன்னார்.

பதினாறு சொட்டு என்பது ஆரோக்கியமான தொட்டிக்கு. நாலு மாத நோய்க்கு அது போதாது என்று ரீஃப் மாஸ்டர் தீர்மானித்து, மூடிமூடியாக ஆறு மூடி ஊற்றினார்.

சனிக்கிழமை விடிந்தபோது தொட்டியில் பவளமும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை. தண்ணீர் முழுக்க வெள்ளைவெளேரென்று பாலாக நின்றது.

"அலமாக்" என்று தலையில் கைவைத்தாள் ஷாமளா. டேப் கொண்டுவந்து சாமி அலமாரியின் அகலத்தை அளந்தாள்.

பேச்சியம்மாள் மட்டும் தொட்டியின் முன்னால் வெகுநேரம் அசையாமல் நின்றார். முதுகைத்தான் அவனால் பார்க்க முடிந்தது. தொட்டி போகிற சந்தோஷம்போலும் என்று நினைத்துக்கொண்டான். பிறகு அவர் செம்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அவன் குழுவில், 'நண்பரின் தொட்டி எதிர்பார்த்தபடி முதல் கட்டத்தை அடைந்துவிட்டது' என்று எழுதினான்.

அன்றிலிருந்து அவன் முறைப்படி இறங்கினான். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, தேதியெழுதிக் கையெழுத்திட்டான். தொழிற்சாலை முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி தினமும் பதினாறு சொட்டு. மீன்களுக்கு இரண்டு நாளைக்கொருமுறை ஒரு சிட்டிகை காய்ந்த கடற்பாசி. அது சைவம் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. அடுத்த வாரம் பாசி உதிர்ந்தது. அதற்கடுத்த வாரம், மான்கொம்பு மாதிரி இருந்த பவளத்தின் நுனியில் மொச்சைக்கொட்டை அளவு ஊதா எட்டிப்பார்த்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பச்சை, சிவப்பு. புளியெல்லாம் பூவாக மாறிக்கொண்டிருந்தது.

அதைவிட ஆச்சரியம் மாமியார். பெருமாளிடம் புகார் சொல்வதை நிறுத்திவிட்டார். செருப்போடு தொட்டிப் பக்கம் போகாதே என்று ஷாமளாவை அதட்டினார். எழுபது வயதில் அறிவியலைப் புரிந்துகொண்டவர் என்று ரூபேந்திரன் தொழிற்சாலையில் பெருமையாகச் சொன்னான். இருபது நிமிட வகுப்புக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று அவனே நினைத்திருக்கவில்லை. 'ரூபன் முறை' என்று அதற்குப் பெயரிட்டு, எட்டுப் பக்கத்தில் தட்டெழுதி, படங்களோடு குழுவில் போட்டான். நண்பர் யார் என்பதையும் பெருந்தன்மையோடு வெளியிட்டான்.

கடைசி ஞாயிறு குமரப்பன் வந்தார். நோயாளியின் கடைவாய்ப்பல்லைப் பார்ப்பதுபோல் கைவிளக்கை அடித்து, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் பார்த்தார்.

"நல்லா இருக்கு, ரூபன். ரொம்ப நல்லா இருக்கு."

ஷாமளா பெருமூச்சு விட்டாள். வார்த்தை வார்த்தைதான். ஆனால் அவள் பார்வை அடுப்படிப் பக்கம், மிக்சிக்குப் பின்னால் மினுங்கிய விளக்கின்மேல் போய் நின்றது. ஜெயித்த நேரத்திலும் ரூபேந்திரனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. அதை மறைக்க அவன் இன்னும் உரக்கப் பேசினான். சொட்டுக் கணக்கை விளக்கினான், எட்டுப் பக்கத்தையும் புரட்டிக் காட்டினான், கடைசியில் கையெழுத்திட்ட பாட்டிலையே கொண்டுவந்து நீட்டினான்.

குமரப்பன் மூடியைத் திறந்து மோந்தார். நெற்றி சுருங்கியது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தார்.

"ரூபன், இதுல பச்சைக் கற்பூரம் மணக்குதே."

"இம்போர்ட் சரக்கு, சார்" என்றான் ரூபேந்திரன்.

தேநீர்த் தட்டோடு வந்த பேச்சியம்மாள், செருப்பில்லாத காலோடு தொட்டியின் ஓரமாக ஒதுங்கி நின்று, சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோல் சொன்னார்:

"பாற்கடலா மாறி நின்ன தண்ணியில யாராச்சும் சாராயம் ஊத்துவாங்களா, மாப்ள? அன்னிக்கே அந்தக் கருமத்தைச் சாக்கடையில கொட்டிட்டு, நீங்க போட்ட கோடு தப்பாம கோயில் தீர்த்தத்தை ஊத்தி வெச்சேன்."