கிருபாசங்கரின் ஒரே பாலிசி

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் கிருபாசங்கர் ஒருமுறைகூட "தப்பு என்னுது" என்று சொன்னதில்லை. வண்டியைக் கொண்டுபோய் எருமை மேல் விட்டபோதும், எருமைக்குத்தான் ரோடு விதி தெரியவில்லை. அப்பேர்ப்பட்டவர் வடவள்ளியில் மூன்றாவது மாடியில் ஒரு பிளாட் வாங்கினார். பத்திரம் முடிந்த அன்றே மனைவி கோமளா இன்சூரன்ஸ் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, தூணு, செவுரு, பொதுக் கொழாய்க்கெல்லாம் பிளாட்டுக்காரங்க சங்கத்துப் பாலிசி இருக்குதாமா. ஊட்டுக்குள்ள இருக்கறதுக்கும், நம்மளால கீழூட்டுக்காரங்களுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா அதுக்கும் நாமதான் தனியா எடுக்கோணுமாமா."

"நம்மளால என்ன ஆகுது? தப்பே பண்றதில்லைங்கறதுதான் என்ற பாலிசி. வேற பாலிசி எதுக்கு அம்மணி?"

"அந்தப் பாலிசிக்கு இத்தனை வருசமா பிரீமியம் கட்டறது நானுங்க," என்று சொல்லிவிட்டுக் கோமளா உள்ளே போய்விட்டாள்.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். அன்று பார்த்துச் சங்கத்தில் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினார்கள். காலையிலிருந்து தண்ணீர் இல்லை. இருவரும் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினார்கள். இடையில் தண்ணீர் வந்திருந்தது; சமையலறைக் குழாய் திறந்து கிடந்தது. சிங்க் ஓட்டையை ஒரு தட்டு அடைத்திருந்தது. வீடு உக்கடம் குளம் மாதிரி ரொம்பி, மிச்சம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டு பஷீர் படியேறி வந்தார். மகள் நிச்சயத்துக்கென்று போன மாதம்தான் ஹாலுக்கு பால்ஸ் சீலிங் போட்டிருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்ணா. சீலிங்கு பாதி சோபா மேல உக்காந்திருக்குதுங்க."

செலவு ஒன்றரை லட்சம் ஆகும் என்றதும் கிருபாசங்கருக்கு நெஞ்சு அடைத்தது. மூளை மட்டும் அடைக்கவில்லை. "பொதுக் கொழாய் வெடிச்சிருக்குது பாய். சங்கத்துப் பாலிசில வாங்கிக்கலாம்," என்று ஒரே போடாகப் போட்டார்.

கோமளா அவரைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"பொதுக் கொழாய் எங்கயும் ஒடையலீங்க, வெளிய சொட்டு ஈரமில்லாம காஞ்சு கெடக்குது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாத்தா காசும் வராது, மானமும் போயிரும்."

"பின்ன ஒன்றரை லட்சத்துக்கு எங்க போறது?"

"பத்திரம் முடிஞ்ச வாரமே நான் ஊட்டுக்குப் பாலிசி எடுத்துப்போட்டனுங்க. கீழூட்டுச் சேதமும் அதுல வருது. ஆனா நம்ம கவனக்கொறைவுன்னு ஒத்துக்கிட்டு எழுதித் தரோணுமாமா."

"யாரு?"

"வேற யாரு, கொழாயத் தொறந்துபோட்டுப் போனவங்கதான்," என்று கோமளா அவரையே பார்த்தாள்.

கிருபாசங்கர் மனசுக்குள் ஒரு தேர்தல் நடந்தது. ஒரு பக்கம் பத்தொன்பது வருஷ கௌரவம். மறுபக்கம் ஒன்றரை லட்சம். கௌரவம் பாவம், டெபாசிட் இழந்தது.

மறுநாள் வந்த சர்வேயர் நல்ல மனுஷன். "குழாய்ல வாஷர் போயிருக்கலாமே சார்?" என்றார்.

"வாஷர் மேல பழி போடாதீங்க," என்று கிருபாசங்கர் பாய்ந்தார். "எல்லாம் என்ற கவனக்கொறைவுதானுங்க. நானு எப்பவுமே இப்படித்தான். வேணும்னா என்ற ஊட்டுக்காரியக் கேட்டுப் பாருங்க."

"எத்தனை பக்கத்துக்குச் சொல்லட்டுமுங்க?" என்றாள் கோமளா.

'தண்ணீர் வராத நேரத்தில் குழாயைத் திறந்து, மூடாமல் போனது நானே. தப்பு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் கிருபாசங்கர். மை காய்வதற்குள் கோமளா அதைச் செல்போனில் படம் பிடித்து, அம்மா வீட்டு வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாள். அன்று முழுக்க மச்சினன்கள் பூங்கொத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

பணம் வந்தது. பஷீர் வீட்டுச் சீலிங் மறுபடி மேலேறியது. அன்று சாயங்காலம் கிருபாசங்கர் மெல்லக் கேட்டார்.

"ஏன் அம்மணி, அந்தக் கொழாய நான் எப்பத் தொறந்தேன்? எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரமாட்டீங்குது."

கோமளா அந்தக் கடிதத்தின் நகலை லேமினேட் செய்து, ஹால் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வராதுங்க. தொறந்தது நானுங்க."